தானியங்கிப் பியானோவின் மோட்டார்: எது வரலாறு, எது தேய்பொருள்?

1923-இல் அமெரிக்காவில் உருவான பியானோக்களில் பாதிக்கும் மேற்பட்டவை தாமாகவே வாசிக்கும் வகையைச் சேர்ந்தவை. துளையிட்ட காகிதச் சுருள் நகர நகர, காற்றை உறிஞ்சும் விசையால் கட்டைகள் தாமே இறங்கும். முதலில் வந்த கருவிகளில் அந்த உறிஞ்சலைக் காலால் மிதித்தே உண்டாக்கினார்கள். கலைஞரின் விரலழுத்தத்தையும் சேர்த்து மீட்டுத் தரும் கருவிகளுக்குச் சீரான உறிஞ்சல் தேவைப்பட்டது. எனவே, 1904-இல் ஜெர்மனியின் ஃபிரைபுர்க் நகரிலிருந்து வெளிவந்த வெல்ட்டே-மினியோனும், அதன் பின் அமெரிக்காவில் வந்த ஆம்பிகோவும் டுவோ-ஆர்ட்டும் மின்மோட்டாரை நம்பின. பியானோ கலைஞர் ரஹ்மானினோவ் ஆம்பிகோவுக்காக வாசித்த சுருள்களை அவற்றுக்குரிய பியானோவிலேயே கேட்க விரும்பினால், நூறு வயதை ஒட்டிய ஒரு மோட்டாருக்கு மின்சாரம் கொடுத்தாக வேண்டும்.

அந்த மோட்டாரை அப்படியே விட வேண்டும் என்பது பழமை விரும்பிகளின் வாதம். துணி சுற்றிய வயரும் இரண்டு முள் பிளக்கும்கூட வரலாற்றுச் சான்றுகள் என்கிறார்கள். இந்த வாதம் பாதிதான் சரி. துருத்திகளின் ரப்பர் பூசிய துணியும், வால்வுத் தோலும், ரப்பர் குழாய்களும் கெட்டுப்போனால் அதே ஆர்வலர்கள் தயங்காமல் உரித்தெறிந்து புதியவற்றைப் பொருத்துகிறார்கள். அவற்றை யாரும் வரலாற்றுத் திரிபு என்பதில்லை. மோட்டாரின் வார்ப்பிரும்புக் கூடு, பெயர்த்தகடு, எண்ணெய்க் கிண்ணம் ஆகியவை வரலாறு. காயிலைச் சுற்றியுள்ள பருத்தி, வார்னிஷ், வயரின் ரப்பர் உறை ஆகியவை தேய்பொருள்கள். துருத்தித் துணியின் வரிசையில் வைக்க வேண்டியவை.

இதை வற்புறுத்தக் காரணம் உண்டு. பருத்தி ஈரத்தை இழுக்கும். வார்னிஷ் நாளடைவில் நொறுங்கும். பேரிங்கிலிருந்து கசியும் எண்ணெய் தூசியோடு சேர்ந்து காயிலில் படியும். மின்காப்பு ஓரிடத்தில் விட்டுப்போனால் மின்சாரம் இரும்புக் கூட்டுக்கு ஏறும். பியானோவுக்குள் மோட்டார் அமர்ந்திருப்பது மரப்பலகையில், அதிர்வைத் தணிக்கும் ரப்பர் அல்லது கம்பளி மெத்தையின் மேல். பழைய வயரில் எர்த் கம்பி இல்லை. ஆகவே கசிந்த மின்சாரம் தரைக்குப் போக வழியில்லை, ஃபியூஸ் உருகாது, மோட்டார் வழக்கம்போல் ஓடும், இசையும் குறைவின்றி வரும். பெல்ட்டைச் சரிசெய்ய ஒருவர் ஒரு கையை உள்ளே விட்டு, மறுகையால் அருகிலுள்ள வெந்நீர்க் குழாயைப் பிடிக்கும் கணத்தில்தான் பழுது வெளிப்படும். மோட்டாருக்கான ஃபியூஸ் ஆம்பியர் கணக்கில் உருகுவது. மனித இதயத் துடிப்பைக் குலைக்கச் சில பத்து மில்லி ஆம்பியர் போதும்.

தீ அபாயமும் குறைந்ததன்று. எண்ணெய் இறுகிச் சுழல முடியாமல் நின்ற மோட்டார், ஓடும்போது இழுப்பதைப் போலப் பல மடங்கு மின்சாரத்தை இழுக்கும். சுற்றிலும் இருப்பவை உலர்ந்த மரமும் கம்பளியும் காகிதமும்.

பெயர்த்தகட்டைப் படிக்காமல் எந்த மோட்டாரையும் பிளக்கில் சொருகக் கூடாது. அக்காலத்தில் பல நகரங்களில் வீட்டுக்கு வந்தது நேர்மின்சாரம். நியூயார்க்கில் அது முற்றிலும் நின்றது 2007 நவம்பரில்தான். நேர்மின்சாரத்துக்கென்றே செய்த மோட்டாரை இன்றைய மாறுமின்சாரத்தில் இணைத்தால் அது சரியாக ஓடாது, சூடேறிக் கருகும். மாறுமின்சார மோட்டாராக இருந்தாலும் 110 வோல்ட் என்று குறித்தது இன்று 120 வோல்ட்டில் கூடுதலாகச் சூடேறக்கூடும். 230 வோல்ட் புழங்கும் நாடுகளில் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் அதைத் தொடவே கூடாது.

முறையான சோதனை எளியதே. வயரைக் கழற்றிவிட்டு, காயிலுக்கும் கூட்டுக்கும் இடையே மின்காப்பின் தடையை அளக்கும் 500 வோல்ட் மெகர் கருவியை வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு மெகாஓம்கூடக் காட்டாத மோட்டார் பியானோவுக்குள் திரும்பக் கூடாது. தேறியதற்கும் மூன்று இழை வயர், கூட்டோடு உறுதியாக முடுக்கிய எர்த், அளவான ஃபியூஸ், சூடேறினால் துண்டிக்கும் காப்பு ஆகியவை தேவை. மின்கசிவைக் கண்டு துண்டிக்கும் சாதனம் அமெரிக்காவில் 5 மில்லி ஆம்பியர் அளவிலும் ஐரோப்பாவில் பொதுவாக 30 மில்லி ஆம்பியரிலும் இயங்குகிறது. அந்தச் சாதனம் பொருத்திய இணைப்பிலிருந்தே பியானோவுக்கு மின்சாரம் எடுக்க வேண்டும்.

மோட்டாரை மாற்றினால் இசை மாறிவிடும் என்ற ஐயத்துக்கு நேர்மையான பதில் தேவை. டுவோ-ஆர்ட்டிலும் பழைய ஆம்பிகோவிலும் சுருளை இழுப்பது காற்றால் இயங்கும் தனிப்பொறி. மின்மோட்டார் உறிஞ்சலை உண்டாக்கும் பம்பை மட்டுமே சுழற்றுகிறது. கப்பி விகிதத்தைச் சரியாக அமைத்துப் பம்பின் வேகத்தைக் காத்தால், மாற்று மோட்டாரால் தாளகதி கெடாது. ஆனால் கிளாரன்ஸ் ஹிக்மன் வடிவமைத்து 1929-இல் வந்த ஆம்பிகோ பி வகையில் சுருளையே ஒரு சிறிய மின்மோட்டார் ஓட்டுகிறது. அங்கே ஐயம் நியாயமானது. மாற்றுவதைவிட ரீவைண்டிங்தான் தகும். பழைய காயிலை வெட்டுமுன் சுற்றுகளின் எண்ணிக்கையையும் கம்பியின் கனத்தையும் குறித்து, படமெடுத்து வைத்துவிட்டால் சான்றும் அழியாது. பம்பு மோட்டாரைக் காப்பாற்ற முடியாவிட்டால், அதைச் சீட்டுக் கட்டிப் பியானோவோடு சேர்த்தே பாதுகாக்கலாம்.

மீட்டெடுப்புக்குப் பணம் கொடுக்கும் அருங்காட்சியகங்களும் உரிமையாளர்களும் சுருதி கூட்டியதற்கான சான்றோடு மெகர் அளவையும் எர்த் சோதனை முடிவையும் எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். அந்தத் தாள் கைக்கு வரும்வரை பியானோவுக்கு மின் இணைப்புக் கொடுக்க வேண்டாம்.