வெங்கோபராவ், ஏ.

மதுரை மருத்துவக் கல்லூரியில் மனநலப் பேராசிரியராக இருந்தவர். தற்கொலை முயற்சி, மனச்சோர்வு, முதுமைக்கால மனநலம் ஆகியவற்றில் இந்தியாவின் முன்னோடி ஆய்வாளர்களுள் ஒருவர். 'இந்தியன் ஜர்னல் ஆஃப் சைக்கியாட்ரி' இதழின் ஆசிரியராகவும் பணியாற்றினார். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் மதுரையில் அமைத்த உடல்நலம், நடத்தை பற்றிய உயராய்வு மையத்துக்குத் தலைமை தாங்கினார்.

அவருடைய கட்டுரைத் தலைப்புகளைப் படித்தால் ஆஸ்பத்திரிப் பதிவேட்டைப் புரட்டுவது போலிருக்கும். 1965ஆம் ஆண்டுக் கட்டுரையில் எர்ஸ்கின் மருத்துவமனையில் சேர்ந்த 114 தற்கொலை முயற்சியாளர்கள். 1966இல் மனச்சோர்வு நோயாளிகள் 30 பேர். 1989இல் தீக்காயத்துடன் வந்த பெண்கள் 100 பேர். தலையை எண்ணிவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குவார்.

எர்ஸ்கின் மருத்துவமனை என்பது இன்றைய அரசு இராசாசி மருத்துவமனை. மேலூர், உசிலம்பட்டிப் பக்கத்து ஜனங்களுக்குப் பெரியாஸ்பத்திரி. 'மருந்தைக் குடித்துவிட்டான்' என்று மேலூரிலிருந்து ஒருவரைத் தூக்கிக்கொண்டு வந்தால் அவருக்குக் கட்டில் கிடைப்பது மனநலப் பிரிவில் அல்ல, பொது மருத்துவ வார்டில். 1965ஆம் ஆண்டுக் கட்டுரையின் 114 பேரும் மருத்துவப் பிரிவில் சேர்ந்தவர்களே. உயிர் பிழைத்ததும் வீட்டுக்கு அனுப்பப்பட வேண்டியவர்களிடம் ஒரு மனநல மருத்துவர் போய் உட்கார்ந்து பேசினார் என்பதுதான் அந்தக் கட்டுரையின் புதுமை. அப்போது தற்கொலை முயற்சி இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவின்படி குற்றம். போலீஸுக்குப் பயந்து வீட்டார் 'தீராத வயிற்றுவலி' என்று எதையாவது சொல்லி முடித்துவிடக்கூடிய காலம். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் வந்த பிறகே அந்தப் பிரிவின் பிடி தளர்ந்தது. மாணவர்களின் தற்கொலைகளையும் முயற்சிகளையும் பற்றி சக ஆய்வாளர் சின்னையனுடன் சேர்ந்து 1972இல் ஒரு கட்டுரை எழுதினார்.

வெளிநாட்டில் அவர் பெயரைக் கொண்டுசேர்த்தது, சக ஆய்வாளர் நம்மாழ்வாருடன் (இயற்கை வேளாண்மை நம்மாழ்வார் அல்லர்) எழுதி 1977இல் 'பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் சைக்கியாட்ரி'யில் வெளியான ஆய்வு. மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெற்ற 122 பேர் பின்னாளில் என்ன ஆனார்கள் என்று அது பின்தொடர்ந்தது. ஒருமுறை வந்து போன நோயாளியை மறுபடி தேடிப் பிடிப்பது எவ்வளவு கடினம் என்பது அரசு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். நோய் மீண்டும் வராமல் தடுக்க லித்தியம் என்னும் மருந்தைத் தருவது பற்றிய 1982ஆம் ஆண்டுக் கட்டுரையும் இந்த வரிசையில் வருவதே.

மனச்சோர்வில் குற்றவுணர்வு மேலைநாட்டாருக்கே உரியது, கீழைநாட்டு நோயாளிகளிடம் அரிது என்றொரு கருத்து நெடுநாள் நிலவியது. 1973இல் அவர் இதை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார். இங்குள்ள நோயாளி 'நான் இன்ன தப்புச் செய்தேன்' என்று சொல்லாமல் 'போன ஜென்மத்துப் பாவம்' என்று சொல்லக்கூடும். குற்றவுணர்வு இருக்கிறது, அது வினைப்பயனின் மொழியில் பேசுகிறது என்பது அவர் பார்வை. அவர் எழுதியவற்றில் இன்றும் பழசாகாதது இதுதான் என்று சொல்லலாம். பண்டைய இந்தியாவின் மனநலச் சிந்தனை பற்றி 1978இல் எழுதியதும் இந்த ஆர்வத்தின் நீட்சியே.

ஆஸ்பத்திரிக் கணக்குக்கு ஒரு குறையுண்டு: வந்து சேர்ந்தவர்களை மட்டுமே அது அறியும். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர் காணியம்பாடி வட்டாரத்தில் வீடுவீடாக மரணக் காரணம் விசாரித்து 2003இல் வெளியிட்ட ஆய்வில் ஆண்டுக்கு லட்சம் பேருக்கு ஏறத்தாழ 95 தற்கொலைகள் என்று தெரிந்தது. அரசுப் பதிவுகள் காட்டிவந்ததைவிட அது பல மடங்கு. ஆனால் வெங்கோபராவும் வார்டோடு நின்றுவிடவில்லை. சக ஆய்வாளர் மாதவனுடன் மதுரைக்கருகே ஒரு சிறு நகர்ப்பகுதியில் முதியோரின் மனநோய்களைக் கணக்கெடுத்து 1982இல் வெளியிட்டார். முதியோர் மனச்சோர்வு பற்றி எழுதும் இந்திய ஆய்வாளர்கள் அதை இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் வழி 'டிப்ரஸிவ் டிசீஸ்' என்ற நூல் 1986இலும், கிராமப்புற முதியோர் நலம் பற்றிய நூல் 1990இலும் வெளிவந்தன.

அவரை எத்தனை பேர் மேற்கோள் காட்டினர் என்று எண்ணப் புகுந்தால் ஒரு சிக்கல் வரும். வெங்கோபராவ் என்பது முழுவதுமே அவருடைய சொந்தப் பெயர். 'ராவ்' குடும்பப்பெயர் அல்ல. மேலைநாட்டு அட்டவணைகள் இதை அறியாமல் சில இடங்களில் 'ராவ் ஏ.வி.' என்றும், சில இடங்களில் 'வெங்கோபராவ் ஏ.' என்றும் பதிந்துள்ளன. தேடுபவர்கள் இரண்டு பெயரிலும் தேட வேண்டும்.