கணகௌரும் சாரதா சட்டமும்

ஹோலிக்கு மறுநாள் காலை வட இந்தியா முழுவதும் வண்ணப்பொடியில் மூழ்கியிருக்கும் வேளையில், ராஜஸ்தானத்துச் சிறுமிகள் முந்தைய இரவு எரிந்த ஹோலியின் சாம்பலைத் தேடிப் போவார்கள். அன்று தொடங்கி சைத்ர சுக்ல திருதியை வரை 16 முதல் 18 நாட்கள் நடப்பது கணகௌர் பூஜை. 'கண' என்பது சிவன். 'கௌர்' என்பது கௌரி. ஜெய்ப்பூர், ஜோத்பூர், உதய்ப்பூர் நகரங்களிலோ, மார்வாடிகள் நிறைந்த கொல்கத்தா படாபஜார் பக்கமோ குடியிருந்த நம் அங்கத்தினர்கள் இதைப் பார்த்திருப்பார்கள். கடைசி நாள் ஊர்வலத்தைப் பற்றிச் சுற்றுலாப் புத்தகங்கள் நிறையவே சொல்கின்றன. வீட்டுக்குள் நடப்பதைப் பற்றியும், அதே வசந்த காலத்தில் அதே பெண்களுக்கு வேறு என்ன நேர்ந்தது என்பதைப் பற்றியும் எழுதுவதே என் நோக்கம்.

சாம்பலை மண்ணோடு கலந்து சிறு மண்சட்டியில் இட்டு, கோதுமையும் பார்லியும் விதைத்துத் தினமும் நீர் தெளிப்பார்கள். விடியுமுன் எழுந்து அருகம்புல்லும் பூவும் பறித்து, அவற்றைச் செருகிய சொம்பு நீரைத் தலையில் சுமந்து பாடிக்கொண்டே வீடு திரும்புவார்கள். களிமண்ணால் செய்த ஈசருக்கும் கௌரிக்கும் பூஜை. சுவரில் குங்குமம், மருதாணி, மை ஆகியவற்றால் பதினாறு பதினாறு பொட்டுகள். ஒரு வாரம் கழிந்தபின் மாலைகளில் 'குட்லா' எடுப்பார்கள். பல துளைகள் இட்ட மண்பானைக்குள் விளக்கேற்றி, கன்னிப்பெண்கள் அதைச் சுமந்து வீடு வீடாகப் பாடிச் செல்வார்கள். வெல்லமோ காசோ தருவார்கள். கௌரி பூஜைக்குப் போன பெண்களைக் கவர்ந்து சென்ற ஒரு படைத்தலைவனை 15ஆம் நூற்றாண்டில் ஜோத்பூரின் ராவ் ஸாதல் போரிட்டு வீழ்த்தினார், பானையின் துளைகள் அவன்மேல் பட்ட அம்புக் காயங்கள் என்று அங்கே கதை சொல்வார்கள்.

1980களில் மத்திய அரசுப் பணி நிமித்தமாக ஜெய்ப்பூரில் சில வருஷங்கள் இருந்தோம். என் இரு பெண்களுக்கும் அப்போது பத்தும் ஏழும் வயது. பள்ளிக்கு எழுப்ப அரை மணி நேரம் ஆகும் குழந்தைகள், கணகௌர் நாட்களில் ஐந்து மணிக்குத் தாமாகவே எழுந்து பக்கத்து வீட்டுப் பெண்களோடு பூங்காவுக்கு ஓடுவார்கள். மார்வாடிப் பாட்டுகளை அர்த்தம் தெரியாமலேயே மனப்பாடம் செய்துவிட்டார்கள். பெரியவள் முளைகளைத் தினமும் அளவுகோலால் அளந்து நோட்டில் குறித்து வைத்தாள். அந்தப் புத்தி என்னிடமிருந்து வந்தது என்று என் சகதர்மிணி சொல்வாள்.

முளையைப் பார்த்ததும் அவளுக்கு நினைவு வந்தது நம் கல்யாணப் பாலிகை. நவதானியத்தை ஊறவைத்து, சுமங்கலிகள் மண்பாலிகைகளில் தெளித்து நீர் விடுவதும், முளைத்தபின் அதை நீர்நிலையில் கரைப்பதும் நாம் அறிந்தவை. அங்கேயும் கடைசி நாள் முளையும் பொம்மைகளும் கிணற்றுக்கோ ஏரிக்கோ போய்ச் சேரும். எது எங்கிருந்து போயிற்று என்ற ஆராய்ச்சியில் எனக்கு நம்பிக்கையில்லை. விதைத்து வளர்த்து வழியனுப்புவது விவசாய நாட்டில் எங்கும் தோன்றக்கூடியதே.

நம் காரடையான் நோன்பும் இதே பருவத்தில்தான். ஆனால் அது சூரிய கதிப்படி மாசி முடிந்து பங்குனி பிறக்கும் வேளையில் வரும். கணகௌரோ சந்திரனைப் பின்பற்றுவது. 2025ல் இரண்டும் சேர்ந்தன. மார்ச் 14 அன்று காலை அங்கே சிறுமிகள் சாம்பல் எடுக்க, மாலை நம் அகத்துப் பெண்கள் அடை நிவேதனம் செய்து மஞ்சள் சரடு கட்டிக்கொண்டார்கள். நோன்பு ஒரு மாலையில் முடிந்துவிடும். கணகௌரின் சிறப்பு, அது பெண்குழந்தைகளுக்குப் பதினாறு நாட்களுக்குக் குறையாமல் கொடுப்பதுதான்.

கௌரி பிறந்தகம் வந்து சில நாள் இருந்துவிட்டு ஈசரோடு புக்ககம் திரும்புகிறாள் என்பதே பண்டிகையின் உட்பொருள். மணமான பெண், முதல் வருஷக் கணகௌருக்குத் தாய்வீடு வருவாள். நம் தலைதீபாவளி போல. பூஜைக்கு முதல் நாளான 'சிஞ்ஜாரா'வுக்குப் புடவை, மருதாணி, 'கேவர்' இனிப்பு எல்லாம் சீராக வரும். உதய்ப்பூரில் நடந்த விழாவை ஜேம்ஸ் டாட் 1829, 1832 ஆகிய ஆண்டுகளில் இரு தொகுதிகளாக வெளிவந்த தமது ராஜஸ்தான வரலாற்றில் விவரித்திருக்கிறார். ராஜாக்களின் படகும் யானையும் அவர் கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தன. வந்த கௌரி மறுபடி புறப்படும்போது வீட்டில் என்ன நடந்தது என்று அறிய அந்தப்புரத்துக்குள் அவருக்கு அனுமதி ஏது?

அந்தப் புறப்பாடு பல பெண்களுக்கு நிஜமாகவே நெருங்கியிருந்தது. கணகௌர் சைத்ர சுக்ல திருதியை. சரியாக ஒரு சாந்திர மாதம் கழித்து வைசாக சுக்ல திருதியை. அதாவது அட்சய திருதியை. அங்கே 'ஆகா தீஜ்'. முகூர்த்தம் பார்க்கத் தேவையில்லாத நாள் என்பதால், கிராமங்களில் அக்காவுக்குக் கல்யாணம் செய்யும்போதே தங்கைகளுக்கும் முடித்துவிடுவார்கள். ஒரே பந்தல், ஒரே சாப்பாட்டுச் செலவு. எங்கள் பக்கத்து வீட்டு மாஜிக்கு எட்டு வயதில் அப்படித்தான் நடந்ததாம். "பொம்மையைக் கிணற்றில் விட்டோம், அடுத்த மாதம் என்னை விட்டார்கள்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். என் மனைவிக்குச் சிரிக்க வரவில்லை.

இந்த வழக்கத்தைத் தடுக்க முதல் அகில இந்தியச் சட்டத்தைக் கொண்டுவந்தவர் அதே மண்ணைச் சேர்ந்தவர் என்பது பொருத்தமே. அஜ்மீரில் 1867ல் பிறந்த ஹர்பிலாஸ் சாரதா, ஆரிய சமாஜி. அவர் 1927ல் மத்திய சட்டசபையில் மசோதாவைக் கொண்டுவந்தார். 1929 செப்டம்பரில் நிறைவேறியது. பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என்பது குறைந்தபட்ச வயது. நம்மவர்களிடையே எதிர்ப்பு பலமாக இருந்தது. சென்னை மாகாணத்து எம்.கே. ஆச்சார்யா சபையில் கடுமையாக எதிர்த்தார். மறுபுறம், பால்ய விதவையாக இருந்து 1911ல் பட்டம் பெற்று, தம்மைப் போன்ற பெண்களுக்கு விடுதி நடத்திய சகோதரி சுப்புலட்சுமியும் நம்மவரே.

சட்டம் 1930 ஏப்ரல் 1 முதல்தான் அமலுக்கு வந்தது. இடையில் கிடைத்த ஆறு மாதங்களில் நடந்ததுதான் சோகம். அந்த வருஷம் ஏப்ரல் 28ல் ஒரு சூரிய கிரகணம். கிரகணம் என்றால் அமாவாசை; அதிலிருந்து 29½ நாள் பின்னோக்கி எண்ணினால் மார்ச் 30ல் முந்தைய அமாவாசை. ஆகவே அவ்வருஷத்துக் கணகௌர் சட்டம் பிறந்த நாளை ஒட்டியே வந்திருக்கிறது. ஆகா தீஜ் மே மாதத் தொடக்கத்தில், அதாவது கெடு தாண்டி. எனவே நாள் பார்க்கத் தேவையில்லாத ஆகா தீஜுக்குக் காத்திராமல், நாடெங்கும் முன்கூட்டியே அவசரமாகக் கல்யாணங்கள் நடந்தன. நம் குடும்பங்களிலும் 'சாரதா சட்டக் கல்யாணம்' என்ற சொல் வெகுகாலம் வழங்கியது. என் பெரியம்மா அப்படி ஒன்பது வயதில் மணமானவர். 15 வயதுக்குட்பட்ட மனைவியர் 1921 மக்கள்தொகைக் கணக்கில் சுமார் 85 லட்சம். 1931ல் 1 கோடியே 20 லட்சத்துக்கும் மேல். ஜனப்பெருக்கமும், வயதுக் கணக்கு முறை மாறியதும் ஓரளவு காரணம். அவசரமும் ஒரு காரணம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

சட்டத்திலும் ஓட்டைகள் இருந்தன. தனிநபர் புகார் கொடுத்தாலன்றி வழக்கு இல்லை. புகார் கொடுப்பவரிடமே 100 ரூபாய் வரை ஜாமீன் கேட்கலாம். நடந்த கல்யாணமோ செல்லும். அஜ்மீர் பிரிட்டிஷ் பகுதி, சுற்றிலும் சமஸ்தானங்கள். சுமார் 30 கிலோமீட்டர் தள்ளியிருந்த கிஷன்கட்டில் சாரதா சட்டம் செல்லாது. தெற்கேயும் பிரெஞ்சுப் புதுச்சேரிக்குப் போய்த் தாலி கட்டியவர்கள் உண்டு.

பெண்ணின் வயது 1949ல் 15 ஆகவும், 1978ல் 18 ஆகவும் உயர்ந்தது. நம்மிடையே மாற்றத்தைக் கொண்டுவந்தது சட்டத்தைவிடப் பள்ளிக்கூடமும் பட்டணத்து உத்தியோகமும் என்பது என் எண்ணம். பெண் எஸ்.எஸ்.எல்.சி. முடிக்கட்டும் என்றார்கள், பிறகு பி.ஏ. முடிக்கட்டும் என்றார்கள். ராஜஸ்தானக் கிராமங்களில் அது தாமதமாயிற்று. 1992ல் ஜெய்ப்பூர் அருகே பட்டேரி கிராமத்தில், ஒரு வயதுகூட நிறையாத குழந்தையின் கல்யாணத்தைத் தடுக்க முயன்ற அரசுத் திட்ட ஊழியர் பன்வரி தேவிக்கு இழைக்கப்பட்ட கொடுமை நாட்டையே உலுக்கியது. வேலை செய்யும் இடங்களில் பெண்களைப் பாதுகாக்க உச்ச நீதிமன்றம் 1997ல் தந்த விசாகா நெறிமுறைகளுக்குக் காரணம் அந்தச் சம்பவம்தான்.

ஆகா தீஜ் நெருங்கும்போது மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களில் கட்டுப்பாட்டு அறை திறப்பதும், கல்யாணப் பத்திரிகையில் மணமக்களின் பிறந்த தேதியை அச்சிடும்படி அச்சகங்களுக்கு உத்தரவு போவதும் இப்போது அங்கே வழக்கமாகிவிட்டது. கணகௌர் முளைகள் ஏரியில் கரைந்து ஒரு மாதம் ஆகும் சமயத்தில் அந்தச் சுற்றறிக்கைகள் கிராமம் கிராமமாகப் போய்க்கொண்டிருக்கும்.