காவிரிக்கரையில் கூடித் தைத்தவர்கள்

கும்பகோணத்து ஒட்டுப்போர்வைக் குழுவின் வெள்ளிவிழா மலருக்கு அடியேனும் ஒரு கட்டுரை எழுத வேண்டும் என்று மலர்க்குழுத் தலைவி அம்மையார் பணித்தார். தையல் அறியாத ஒரு தமிழாசிரியனுக்கு இது பெரிய மதிப்பு. குழு தோன்றிய கதை, கோடை விடுமுறைப் பயிலரங்குகள், உறுப்பினர்கள் ஆண்டுதோறும் முடித்த போர்வைகள், தொட்டில் விரிப்புகள், பூஜையறைத் திரைகள் ஆகியவை இம்மலரின் மற்றப் பக்கங்களில் படங்களோடு இருக்கின்றன. படிப்பவர்களில் பெரும்பாலோர் அவற்றைத் தைத்தவர்கள். அவர்களிடமே அவற்றை நான் விவரிக்க வேண்டியதில்லை. துண்டுத்துணிகளைச் சேர்த்துத் தைப்பதும், அதைப் பலர் கூடியிருந்து செய்வதும், செய்ததைப் பிறருக்கு அளிப்பதும் இந்த நாட்டில் எவ்வளவு பழைய அறம் என்பதை நான் கற்ற நூல்களிலிருந்து எடுத்துக்காட்டுவதே என்னால் ஆகக்கூடிய தொண்டு.

சங்கமும் புகாரும்

பொருநராற்றுப்படையில் முடத்தாமக்கண்ணியார் காட்டும் பொருநனின் ஆடையை நினைத்துப் பாருங்கள். வேர்வையில் நனைந்தது, பேன் குடியிருப்பது, வேறு வேறு இழைகள் நுழைந்து தைத்துத் தைத்து உடுத்த கந்தல். கரிகாற்பெருவளத்தான் அதை நீக்கி, இழை போன வழி கண்ணுக்குத் தெரியாத, பாம்பின் உரி போன்ற மெல்லிய ஆடையை உடுத்தினான். சோழனின் கொடையைப் பாடும் இடம் இது. என் மனம் மட்டும் அந்தக் கந்தலிலேயே நின்றுவிடும். கிழிந்த இடத்தில் கிடைத்த இழையைக் கொண்டு தைத்த கை யாருடையது? பொருநனின் மனைவியாகிய பாடினியின் கையாக இருக்கலாம் என்று எண்ணிக்கொள்வேன். கிழிந்ததை எறியாமல் தைத்து உடுத்த அந்த வறுமையையும் புலவர் பாட்டில் பதிவு செய்தாரே, அதற்குத் தமிழுலகம் கடமைப்பட்டிருக்கிறது.

இளங்கோவடிகள் சிலப்பதிகாரத்து இந்திரவிழவூரெடுத்த காதையில் புகாரின் மருவூர்ப்பாக்கத்துத் தொழிலாளரை வரிசைப்படுத்தும்போது துன்னகாரராகிய தையற்காரரைச் சொல்லுகிறார். துணியாலும் நெட்டியாலும் குற்றமில்லாத வேலைப்பாடுகள் பல செய்வோரையும் அங்கே சேர்க்கிறார். புகாரின் துணிவேலை இன்றும் நம் பக்கத்தில் உயிரோடு இருக்கிறது. தேரிலும் மண்டபத்திலும் தொங்கும் தொம்பையும், வாயில் தோரணமும், தேர்ச்சீலையும் தஞ்சாவூரிலும் கும்பகோணத்திலும் தைக்கப்படுகின்றன. சிவப்பு, வெள்ளை, மஞ்சள், பச்சை, கறுப்புத் துணிகளிலிருந்து யாளியும் மயிலும் தாமரையும் வெட்டியெடுத்து ஒன்றன்மேல் ஒன்று ஒட்டித் தைக்கிறார்கள். திருவாரூர் ஆழித்தேரின் தொம்பைகள் காற்றில் அசைவதைக் கண்டு கைகூப்பியவர்கள் அவை துண்டுத்துணியால் ஆனவை என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

புத்தர் ஊசியில் நூல் கோத்த நாள்

சைவத்தில் பிறந்து சைவத்தில் வளர்ந்தவன் நான். ஆயினும் துண்டுத்துணித் தையலின் பெருமையைச் சொல்ல வந்தால் பௌத்தரின் வினயபிடகத்தைத் திறக்காமல் முடியாது. எனக்குத் தெரிந்தவரை தையலுக்கு இவ்வளவு விரிவாக விதி வகுத்த சமயநூல் வேறில்லை.

அதன் பகுதியாகிய மகாவக்கத்தில் வரும் செய்தி இது. தக்கிணகிரியை நோக்கி நடந்து செல்கையில் புத்தர் மகத நாட்டு வயல்களைப் பார்க்கிறார். நெடுக வரப்பு, குறுக்கே வரப்பு, வரப்புகள் கூடும் சந்தி என்று பாத்தி பாத்தியாக அவை கிடக்கின்றன. உடன் வந்த ஆனந்தரிடம், பிக்குகளுக்கு இவ்வாறு ஓர் ஆடை அமைக்க முடியுமா என்று கேட்கிறார். ஆனந்தர் துணியைத் துண்டுகளாக வெட்டி, வயலைப் போலவே இணைத்துத் தைத்துக் காட்டுகிறார். அரச குலத்தில் பிறந்த ஆனந்தர் அன்று தையற்காரராகவும் ஆனார். வெட்டுண்ட துணியைக் கள்வன் விரும்பமாட்டான், துறவிக்குத் தகுதியானது அதுவே என்பது புத்தர் சொன்ன காரணம். இன்று இலங்கையிலும் பர்மாவிலும் தாய்லாந்திலும் பிக்குகள் போர்த்தும் ஆடையை அருகில் சென்று பாருங்கள். அந்த மகத வயலின் பாத்திகளும் வரப்புகளும் அதில் இருக்கும். மேலே போர்த்தும் சங்காடி இரண்டு அடுக்குத் துணி கொண்டது. நம் அம்மையார்கள் மேல்துணியும் அடித்துணியும் சேர்த்துத் தைப்பதற்கு அது மூத்த உறவு.

அதே பிடகத்தின் சூளவக்கத்தில் உள்ள நுணுக்கங்களைப் படிக்கப் படிக்க வியப்பு மிகும். துணியைச் சுருக்கமில்லாமல் இழுத்துக் கட்டித் தைப்பதற்கு ஒரு சட்டம் அனுமதிக்கப்பட்டது. கடினம் என்பது அதன் பெயர். அதைக் கட்டக் கயிறு அனுமதிக்கப்பட்டது. மேடுபள்ளமான தரையில் சட்டத்தை விரிக்கக் கூடாது, அடியில் புல்பாய் வேண்டும். ஓரம் தேய்ந்தால் சுற்றிலும் பட்டி கட்ட வேண்டும். கழுவாத காலோடும், ஈரக்காலோடும், செருப்புக்காலோடும் அதன்மேல் ஏறக்கூடாது. தையல் கோணாமலிருக்க முன்கூட்டியே இழை போட்டு வழி குறித்துக்கொள்ளலாம். விரலில் ஊசி குத்தியது என்று பிக்குகள் முறையிட்டபோது விரலுறை வந்தது. நம் தையற்காரர்கள் அங்குஸ்தான் என்பார்களே, அது. ஊசி துருப்பிடிக்காமல் காக்கக் குழலில் என்னென்ன பொடி இட்டு வைக்கலாம் என்றும் உண்டு. வெட்டவெளியில் குளிரிலும் வெயிலிலும் வருந்தித் தைத்ததால் தனித் தையற்கூடம் அனுமதிக்கப்பட்டது. அதையும் வெள்ளம் ஏறாத உயரத்தில் கட்ட வேண்டும். தைத்து முடித்ததும் சட்டத்தை அப்படியே போட்டுவிட்டுப் போனால் எலியும் கரையானும் தின்னும் என்பதால், சுருட்டி முளையில் மாட்ட வேண்டும். பயிலரங்கு முடிந்தபின் ஊசிப்பெட்டியை மூடாமல் போகிறவர்களை நம் குழுவின் மூத்த அம்மையார்கள் கண்டிப்பதைக் கேட்டிருக்கிறேன். அவர்கள் வாயில் வருவது வினயம்தான்.

இந்த விதிகளின் சிகரம் கடின விழா. மழைக்காலத்தில் ஓரிடத்தில் தங்கும் நோன்பு முடிந்ததும் வரும் ஒரு மாதத்துக்குள் நடப்பது. பாவா நாட்டுப் பிக்குகள் முப்பதுபேர் நோன்பு முடிந்தவுடன் சாகேதத்திலிருந்து சேறும் மழையும் தாண்டி நனைந்த ஆடையோடு சாவத்திக்கு வந்து சேர்ந்தார்கள். அதைக் கண்டே இது அனுமதிக்கப்பட்டது என்கிறது நூல். பிக்குச் சங்கத்துக்கு வந்த துணியை அளந்து, வெட்டி, தைத்து, சாயமேற்றி, ஒரே நாளில் ஆடையாக்க வேண்டும். மூத்தவர் இளையவர் என்று பாராமல் எல்லாரும் கைகொடுக்க வேண்டும். முடிந்த ஆடை ஒருவருக்கே உரியது. ஆனால் அதைக் கண்டு மனமுவந்து மகிழ்ச்சி தெரிவித்த அத்தனை பேருக்கும் அதன் பயனில் பங்குண்டு. பிறர் போர்வை அழகாக அமைந்ததைக் கண்டு மகிழ்வதையே ஒரு தகுதியாக்கிய விதி இது! இன்னொரு விதியையும் மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள்: துணி வேண்டும் என்று சாடையாகவோ சுற்றிவளைத்தோ பேசிப் பெற்றிருந்தால் அந்தக் கடினம் செல்லாது.

தம்மபத உரையில் புத்தரின் சீடர் அனுருத்தருக்கு ஆடை தைத்த நாள் வருணிக்கப்படுகிறது. அனுருத்தர் குப்பைமேட்டில் துணி தேடிப் பொறுக்கியவர். அவருக்காக எண்பது பெருந்தேரர்களும் அமர்ந்தார்கள். துணியின் ஒரு தலைப்பில் மகாகாசியபர், நடுவில் சாரிபுத்தர், மறு தலைப்பில் ஆனந்தர். பிக்குகள் நூல் திரித்தார்கள். மொக்கல்லானர் வேண்டியதையெல்லாம் ஓடியோடிக் கொண்டுவந்து கொடுத்தார். புத்தர் தம் கையால் ஊசியில் நூல் கோத்தார். முற்பிறப்பில் அனுருத்தரின் மனைவியாக இருந்த ஜாலினி என்னும் தேவமகள் ஊருக்குள் சென்று, அங்கே தையல் நடக்கிறது, உணவு கொண்டு வாருங்கள் என்று வீட்டாரைத் தூண்டினாள். ஒரு தையல் அவையை இதைவிட நிறைவாக யார் எழுத முடியும்? தைப்பவர், நூல் கோப்பவர், ஓடியாடி உதவுபவர், சாப்பாடு ஏற்பாடு செய்பவர் என்று நம் பயிலரங்கில் உள்ள அத்தனை பேருக்கும் அதில் இடமிருக்கிறது.

இவையெல்லாம் வடக்கே நடந்தவை, நமக்கென்ன என்று எண்ணிவிடக் கூடாது. கி.பி. 5ஆம் நூற்றாண்டில் உறையூரில் பிறந்த புத்ததத்தர் காவிரிப்பூம்பட்டினத்திலும் பூதமங்கலத்திலும் வாழ்ந்தார். வினயத்தைப் பாலியில் செய்யுளாகச் சுருக்கி ‘வினயவினிச்சயம்’ என்னும் நூலை அவர் எழுதியது சோழநாட்டுப் பூதமங்கலத்து விகாரையில். களப்பிர மன்னன் அச்சுதவிக்கந்தன் காலம் அது. மயிலை சீனி. வேங்கடசாமி ‘பௌத்தமும் தமிழும்’ நூலில் இவரைப் பற்றி எழுதியதை இளையவர்கள் தேடிப் படிக்க வேண்டும். ஆடை வெட்டவும் கடினம் விரிக்கவும் உரிய விதிகள் காவிரி நீர் பாயும் ஊரில் செய்யுளாயின என்பது நம் மண்ணுக்குப் பெருமை. முதல் இராசராசன் தன் 21ஆம் ஆட்சியாண்டில் ஆனைமங்கலத்தை நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரைக்கு அளித்ததை லெய்டன் செப்பேடு சொல்லும். அங்கிருந்த பிக்குகளும் ஐப்பசி, கார்த்திகையில் கூடியமர்ந்து தைத்திருப்பார்கள் என்று நம்புவதில் தவறில்லை.

கந்தை கேட்ட கடவுள்

இனி என் நெஞ்சுக்கு நெருக்கமான இடத்துக்கு வருகிறேன். பழையாறை அமர்நீதி நாயனாரின் தராசுக் கதையை நம் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளும் சொல்வார்கள், அதை விடுகிறேன். பொன்னும் மணியும் பட்டும் விற்ற அந்த வணிகர் திருநல்லூரில் மடம் அமைத்து, அடியார்க்கு அமுதோடு கந்தையும் கீளும் கோவணமும் அவரவர் கருத்தறிந்து கொடுத்தார் என்கிறார் சேக்கிழார். கடை நிறையப் பட்டு இருந்தும் கந்தை கொடுத்தார். வாங்குகிறவருக்கு எது வேண்டுமோ அதையே கொடுத்தார். தம் செல்வத்தைக் காட்டக் கொடுக்கவில்லை. காம்பீலி நகரத்துச் சாலியர் குல நேச நாயனார் கையால் நெய்து கொடுத்ததும் இதே நெறி.

காஞ்சியில் துணி வெளுத்த திருக்குறிப்புத்தொண்டரிடம் இறைவன் வந்த கோலம் என்ன? குளிர்காலத்தில், மெலிந்த உடலோடு, அழுக்கேறிய கந்தை ஒன்றைப் போர்த்து வந்தான். குளிருக்கு இதைவிட்டால் வேறில்லை, பொழுது சாய்வதற்குள் தருவதானால் வெளுத்துக் கொடு என்றான். மழை விடாமல் பெய்தது. மாலையில் அந்த முதியவர் நடுங்கி நிற்பதைக் காணப் பொறாமல் தொண்டர் கல்லில் தலையை மோதினார். அந்தக் கல்லிலிருந்தே இறைவனின் கை எழுந்து பற்றியது. உலகையெல்லாம் காக்கிறவன் ஒரு போர்வைக்காக ஏழையின் துறையில் காத்து நின்றான். எத்தனை முறை ஓதினாலும் கண் கலங்கும் இடம் இது. தாராசுரத்தில் அறுபத்துமூவர் வரலாறும் சின்னஞ்சிறு சிற்பங்களாக இருக்கின்றன. குழுவினர் ஒருமுறை அங்கே சென்று இந்த மூன்று நாயன்மாரையும் தேடிக் கண்டு வணங்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

வினயம் சாடை காட்டிக் கேட்கக் கூடாது என்றது. பெரியபுராணம் கேளாமலே குறிப்பறிந்து கொடுப்பவரை நாயனார் ஆக்கியது. வாங்குவோர் விதி ஒன்று, கொடுப்போர் விதி ஒன்று. இரண்டும் சேர்ந்த இடத்தில்தான் ஒரு போர்வை தானமாகிறது.

பிற நாட்டார்

வங்கத்துக் காந்தா பழைய புடவைகளை அடுக்கி, புடவைக் கரையிலிருந்தே உருவிய வண்ண நூலால் ஓட்டுத்தையல் போட்டது. வடகன்னட மாவட்டத்துச் சித்தி மக்களின் பெண்கள் ஓரத்திலிருந்து தொடங்கி நடுவை நோக்கித் தைத்துப்போய், மூலைகளில் சிறு பூத்துணி வைத்து முடிப்பார்கள். அமெரிக்காவில் அலபாமா மாநிலத்து ஜீஸ் பெண்ட் ஊரில், அடிமைப்பட்ட மூதாதையரின் வழிவந்த பெண்கள் உழைத்துத் தேய்ந்த உடைகளை வெட்டித் தைத்த போர்வைகள் 2002இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டன. அதே வட்டாரத்தில் 1966இல் பெண்கள் கூட்டுறவாகச் சேர்ந்து போர்வை தைத்து விற்று, குடிமை உரிமைப் போராட்டக் காலத்தில் தம் குடும்பங்களைக் காத்தார்கள். இவை ஒவ்வொன்றும் தனிக் கட்டுரைக்கு உரியவை. இடமில்லாமையால் இவ்வளவில் நிறுத்துகிறேன்.

குழுவினருக்கு விண்ணப்பம்

வயதின் உரிமையால் சில சொல்கிறேன். தொம்பை தைக்கும் பெரியவர்களை அடுத்த பயிலரங்குக்கு ஆசிரியர்களாக அழையுங்கள். அவர்களுக்கு உரிய சன்மானம் கொடுத்து, சால்வை போர்த்தி, முன்வரிசையில் அமர்த்துங்கள். அவர்கள் கத்தரி ஓடும் நேர்த்தியை நம் பெண்கள் அருகிருந்து பார்க்க வேண்டும். ஆண்பிள்ளைகளுக்கும் ஊசி பிடிக்கக் கற்றுக்கொடுங்கள். சாரிபுத்தர் செய்த வேலையை எந்தப் பிள்ளையும் இழிவாக எண்ண வேண்டியதில்லை.

ஐப்பசியில் தீபாவளி கழிந்தபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் ஒரே சட்டத்தைச் சுற்றி அமர்ந்து, காலையில் வெட்டிய துணியை மாலைக்குள் போர்வையாக்குங்கள். இதற்காகப் புதுத்துணி வாங்க வேண்டாம். வீட்டில் இருப்பதே போதும். மார்கழிப் பனி இறங்குமுன் அதையும், ஆண்டு முழுதும் தைத்தவற்றில் இயன்றவற்றையும், இரயிலடியிலும் கோயில் வாசலிலும் படுத்திருக்கும் முதியவர்களிடம் சேர்த்துவிடுங்கள். அவர்கள் கேட்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். கொடுக்கும்போது படம் எடுக்கவும் வேண்டாம். தையல் சட்டத்தை நீளமாக விரிக்க இடம் போதவில்லை என்றால் எங்கள் தெரு திருமுறை மன்றத்தின் கூடம் ஞாயிறு பகலில் காலியாகவே இருக்கிறது. மன்றத்தாரிடம் பேசிச் சாவியை வாங்கித் தருவதும், தைப்பவர்களுக்கு மதியச் சாப்பாடு போடுவதும் என் பொறுப்பு.