நீலகிரியில் எபிரேய நடையின் தடம்

உதகமண்டலத்தில் 1830-இல் பிரதிஷ்டை செய்யப்பட்ட புனித ஸ்தேவான் ஆலயத்தில் ஆங்கிலேயர் வாசித்த வேதாகமம், ஜேம்ஸ் மன்னர் ஆணையின்படி 1611-இல் வெளிவந்த மொழிபெயர்ப்பு ஆகும். அதன் சொற்கள் ஆங்கிலமாயினும், வாக்கியங்கள் தொடரும் முறை பெரும்பாலும் எபிரேயத்துக்குரியது. எபிரேயக் கதைநடையில் 'வாவ்' என்னும் இணைப்பெழுத்து வினையின் முன் ஒட்டி நின்று, ஒரு செயலை அடுத்த செயலோடு கோக்கும். மோசேயின் ஐந்து நூல்களை எபிரேயத்திலிருந்து பெயர்த்து 1530-இல் அச்சிட்ட வில்லியம் டின்டேல் இக்கோவையைக் கலைக்காமல் 'அண்ட்' என்ற சொல்லால் தொடுத்தார். பின்வந்தோரும் அவ்வழியே சென்றதால், வேற்றுமொழி அமைப்பே ஆங்கிலச் செவிக்கு வேதநடையாகிவிட்டது.

இந்நடை மலைமக்களின் மொழிகளுக்கும் வந்து சேர்ந்தது. கேத்தியில் பணியாற்றிய பாசல் மிஷன் சார்பில் லூக்கா நற்செய்தி படுகர் மொழியில் 1852-இல் கன்னட எழுத்தில் வெளிவந்தது; பின்னர் மாற்கு நற்செய்தி தோடர் மொழியில் 1897-இல் தமிழ் எழுத்தில் வெளிவந்தது. இரண்டும் கிரேக்க மூலம் கொண்டவையே. ஆயினும் எபிரேய வேதத்தின் பழைய கிரேக்கப் பெயர்ப்பான செப்துவஜிந்தின் நடையை லூக்கா பின்பற்றுகிறார், மாற்கோ பெரும்பாலான வாக்கியங்களை 'காய்' என்னும் இணைப்புச்சொல்லால் தொடங்குகிறார்.

ஆங்கிலம் இடைச்சொல்லை அடுக்கிப் பெற்ற தொடர்ச்சியைத் திராவிட மொழிகள் வினையெச்சத்தால், அதாவது முற்றுப்பெறாமல் அடுத்த வினையை நோக்கி நிற்கும் வினைவடிவத்தால், இயல்பாகவே பெறுகின்றன. 'எழுந்து, நடந்து, கண்டு, கூறினான்' என்ற தொடரில் இணைப்புச்சொல்லே வேண்டியதில்லை. ஒரே வினையை இருமுறை சொல்லி உறுதியை உணர்த்தும் எபிரேய வழக்கும் இத்தகையதே. ஆங்கிலம் அதைப் பல இடங்களில் 'நிச்சயமாக' என்னும் பொருள்தரும் அடைமொழியாகச் சுருக்கிவிட, 'நடக்கவே நடக்காது' என அன்றாடம் பேசும் தமிழருக்கோ அவ்விரட்டிப்பு அயலாகத் தோன்றுவதில்லை. தமிழ் வேதாகமமும் ஏகாரமேற்ற எச்சத்தையும் முற்றையும் அடுக்கி அதைக் காத்துள்ளது. 'அரசர்களின் அரசன்' என்று ஒரே பெயரை இரட்டித்து உயர்வு சொல்லும் எபிரேய முறைக்கும், வேந்தர் பட்டமாகப் பழகிய 'ராஜாதிராஜா' தமிழில் ஆயத்தமாகவே இருந்தது.

தோடர் மொழியின் உரசொலிகள் பலவற்றைக் குறிக்கத் தமிழ் எழுத்து போதவில்லை. ஆனால் எபிரேயக் கதையின் நடையை ஏந்துவதற்கு அம்மொழியின் வினையெச்சங்கள் போதுமானவையாக இருந்தன. ஆங்கிலம் வளைந்து கொடுத்து ஏற்றதை, நீலகிரியின் மொழிகள் தம் இலக்கணத்துக்குள்ளேயே கண்டுகொண்டன.