சித்தூர் வி. நாகையா

சித்தூர் வி. நாகையா (28 மார்ச் 1904 – 30 டிசம்பர் 1973) தெலுங்குத் திரைப்படங்களிலும் தமிழ்த் திரைப்படங்களிலும் புகழ்பெற்று விளங்கிய நடிகர், பாடகர், இசையமைப்பாளர், இயக்குநர், தயாரிப்பாளர். 1938-இல் திரைக்கு வந்தவர், 1940-களில் பாடி நடிக்கும் கதாநாயகனாக உச்சத்தைத் தொட்டார். 1950-களிலிருந்து தந்தையாகவும் முனிவராகவும் ஊர்ப் பெரியவராகவும் நடித்துக் குணச்சித்திர நடிகர்களில் தனி இடம் பெற்றார். இசையும் நடிப்பும் அவரிடம் பிரிக்க முடியாதபடி கலந்திருந்தன. பாட்டின் பாவத்தை அறிந்தவர் என்பதால் உரையாடலையும் தாழ்ந்த குரலில், நிதானமாக, சொல் சொல்லாகப் பேசுவார். நாடக மேடையின் உரத்த வசனநடை திரையிலும் கோலோச்சிய நாளில் இந்த அடக்கம் புதுமையாக இருந்தது.

இளமையும் நாடகமும்

குண்டூர் மாவட்டத்து ரேபல்லெயில் பிறந்த இவரது குடும்பப் பெயர் உப்பலதடியம். அரசு அலுவலகத்தில் எழுத்தராக வேலை பார்த்தார். ‘ஆந்திர பத்திரிகா’ இதழில் பத்திரிகையாளராகவும் பணியாற்றினார். காந்தியடிகளின் இயக்கத்தில் அவருக்கு ஈடுபாடு இருந்தது. சித்தூரில் இயங்கிய ராமவிலாச சபா அவரை நாடக நடிகராக்கியது. ‘சாரங்கதரா’ நாடகத்தில் சித்ராங்கி என்னும் பெண் வேடம் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது. இசைத்தட்டுகளிலும் பாடினார். சித்தூரில் கிடைத்த இந்தப் புகழால்தான் ஊர்ப்பெயர் அவரது பெயரோடு ஒட்டிக்கொண்டது.

திரை நுழைவும் வாஹினிப் படங்களும்

ஹெச். எம். ரெட்டி இயக்கிய ‘கிருகலட்சுமி’ (1938) அவரது முதல் படம். அதில் கள்ளுண்ணாமையை வலியுறுத்தி அவர் பாடிய பாடல் மக்களிடையே பரவியது. அடுத்த ஆண்டு பி. என். ரெட்டி இயக்கத்தில் வாஹினி நிறுவனத்தின் முதல் படமான ‘வந்தே மாதரம்’ வெளிவந்தது. காஞ்சனமாலாவுக்கு இணையாகக் கதாநாயகனாக நடித்த நாகையாவே அதற்கு இசையும் அமைத்தார். விதவை மறுமணத்தைப் பேசிய ‘சுமங்கலி’யில் (1940), சீர்திருத்தவாதி கந்துகூரி வீரேசலிங்கத்தை நினைவூட்டும் முதியவராகத் தோன்றினார். அப்போது அவருக்கு வயது 36. கதாநாயகனாக வெற்றி கண்ட கையோடு நரைத்த தலையோடு திரைக்கு வர அவர் தயங்கவில்லை. பின்னாளில் அவர் ஏற்ற குணச்சித்திர வேடங்களுக்கு இதுவே தொடக்கம் எனலாம். தொடர்ந்து வந்த ‘தேவதா’ (1941), பானுமதியுடன் நடித்த ‘ஸ்வர்க சீமா’ (1945) ஆகியவையும் பி. என். ரெட்டியின் படங்களே.

பக்தர் படங்கள்

கே. வி. ரெட்டி முதன்முதலாக இயக்கிய ‘பக்த போத்தனா’ (1943), தெலுங்கில் பாகவதம் பாடிய போத்தனாவின் கதை. அந்த வேடம் நாகையாவைத் தெலுங்கு மக்களின் மனத்தில் நிலைநிறுத்தியது. ‘தியாகய்யா’வில் (1946) தயாரிப்பு, இயக்கம், இசை, நடிப்பு நான்கையும் அவரே ஏற்றார். திருவையாற்றில் காவிரிக் கரையில் வாழ்ந்து தெலுங்கில் கீர்த்தனைகள் புனைந்த தியாகராஜரின் வாழ்க்கைப் படம் அது. கீர்த்தனைகளை வித்துவத்தைக் காட்டும் கச்சேரிப் பாடல்களாக அவர் கையாளவில்லை. ஒரு பக்தன் தன் தெய்வத்தோடு பேசும் பேச்சாகவே அவற்றைப் பாடினார்.

கே. வி. ரெட்டியின் ‘யோகி வேமனா’ (1947) அவரது நடிப்பின் சிகரம் என்று சொல்லத் தகுந்தது. சுகபோகத்தில் திளைக்கும் வேமனா, அண்ணன் மகளான சிறுமி ஜோதியிடம் உயிரையே வைத்திருக்கிறான். பொன் செய்யும் வித்தையைத் தேடி அலைந்து, அது கைகூடியதும் வீட்டுக்கு ஓடி வருகிறான்; அதற்குள் குழந்தை இறந்துவிட்டது. கையில் வந்த பொன்னால் பயனில்லை என்று உணரும் அந்த நொடியில்தான் துறவி பிறக்கிறான். ஒரே படத்தில் உல்லாசியாகவும் பற்றறுத்த யோகியாகவும் தோன்றிய நாகையா, நடையையும் பார்வையையும் குரலின் வேகத்தையும் படிப்படியாக மாற்றி இந்த மாற்றத்தை நம்பவைத்தார்.

தமிழ்ப் படங்கள்

ராஜா சந்திரசேகர் இயக்கிய ‘அசோக்குமார்’ (1941) படத்தில் எம். கே. தியாகராஜ பாகவதர் குணாளனாகவும் நாகையா அவன் தந்தை அசோகச் சக்கரவர்த்தியாகவும் நடித்தனர். எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கத்தில் எம். எஸ். சுப்புலட்சுமி நடித்த ‘மீரா’வில் (1945) மேவார் ராணா வேடம் அவருக்கு. மனைவியின் மீது அன்பும், அவளது பக்தி தன்னைத் தாண்டிச் செல்வதைக் கண்ட தவிப்புமாக அந்த வேடத்தை அமைத்தார். ஜெமினியின் ‘சக்ரதாரி’யில் (1948) பாண்டுரங்க பக்தரான குயவர் கோராகும்பராக வந்தார். நாமசங்கீர்த்தனத்தில் தன்னை மறந்து, களிமண்ணை மிதிக்கும்போது தன் குழந்தையையே மிதித்துவிட்ட பக்தரின் கதை அது.

தமிழில் அவர் நடித்த படங்களில் தலையாயது கே. ராம்நாத் இயக்கிய ‘ஏழை படும் பாடு’ (1950). விக்டர் ஹியூகோவின் நாவலைச் சுத்தானந்த பாரதியார் தமிழாக்கியிருந்தார். அந்தத் தமிழ் வடிவைத் தழுவிக் கோவை பட்சிராஜா ஸ்டூடியோ எடுத்த படம் இது. சிறையிலிருந்து வந்து, தஞ்சம் கொடுத்த பிஷப்பிடமே வெள்ளிப் பொருளைத் திருடி, அவர் காட்டிய கருணையால் திருந்தும் கந்தனாக நாகையா நடித்தார். அவரை விடாமல் துரத்தும் போலீஸ் அதிகாரியாக நடித்த சீதாராமனுக்கு ‘ஜாவர்’ என்ற பாத்திரப் பெயர் வாழ்நாள் முழுவதும் அடைமொழியாக நிலைத்தது. 1953-இல் ‘என் வீடு’ படத்தைத் தமிழிலும் தெலுங்கிலும் நாகையா இயக்கினார்.

இசைப் பணி

பின்னணி பாடும் முறை வேரூன்றாத காலத்தில் திரைக்கு வந்த நடிகருக்குக் குரல்தான் முதல் தகுதி. நாகையா அந்தத் தகுதியோடு மெட்டமைக்கும் திறனையும் கொண்டுவந்தார். ‘வந்தே மாதரம்’, ‘சுமங்கலி’, ‘தேவதா’, ‘பக்த போத்தனா’, ‘தியாகய்யா’ முதலியவற்றின் இசை அவருடையது. கர்நாடக இசையை அடித்தளமாகக் கொண்டாலும் நீண்ட ஆலாபனைகளையும் அடுக்கடுக்கான சங்கதிகளையும் அவர் குறைத்தார். பாடல் வரி ரசிகருக்குத் தெளிவாக விளங்க வேண்டும் என்பதே அவரது நோக்கம். பின்னணிப் பாடகர்கள் பெருகியபின் பாடும் நாயகர் பலர் திரையை விட்டு விலகினர். நாகையா நிலைத்து நின்றதற்குக் காரணம், பாட்டு இல்லாத காட்சியையும் தாங்கும் நடிப்பு அவரிடம் இருந்ததே.

குணச்சித்திர வேடங்கள்

பிற்காலத்தில் ‘சம்பூர்ண ராமாயணம்’ (1958) படத்தில் தசரதனாகவும், ‘லவகுசா’வில் (1963) வால்மீகியாகவும் தோன்றினார். ஏ. பீம்சிங்கின் ‘பாவமன்னிப்பு’ (1961) படத்தில் சிவாஜி கணேசனின் ரஹீமை வளர்க்கும் இஸ்லாமியப் பெரியவர் இஸ்மாயில் அவர்தான். பிள்ளையைப் பெற்றவரை விட வளர்த்தவரே பெரியவர் என்று பார்ப்பவர் உணரும்படி, அந்தச் சிறிய வேடத்தை அன்பால் நிறைத்தார்.

விருதும் மறைவும்

1964-இல் ‘பக்த ராமதாசு’ படத்தை அவரே தயாரித்து, இயக்கி, நடித்தார். 1965-இல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது வழங்கியது. அதைப் பெற்ற முதல் தென்னிந்தியத் திரை நடிகராக அவர் குறிப்பிடப்படுகிறார். ஈட்டியதை வாரி வழங்கிய கொடையாலும், சொந்தப் படங்களில் ஏற்பட்ட இழப்பாலும் கடைசிக் காலத்தில் பொருள் நெருக்கடிக்கு ஆளாகி, சிறு வேடங்களையும் ஏற்று நடித்தார். 1973 டிசம்பர் 30-ஆம் நாள் சென்னையில் காலமானார். சென்னை தியாகராய நகர் பனகல் பூங்காவில் அவருக்குச் சிலை உள்ளது. தென்னிந்தியத் திரையில் சாந்தமும் கருணையும் கொண்ட பெரியவர் என்ற பாத்திர வகைக்கு இலக்கணம் வகுத்தவர் நாகையா. அவ்வகை வேடங்களில் பின்வந்தவர்கள் அவர் வகுத்த வழியிலேயே நடந்தனர்.