ஏரி போன வழியும் சேரி போன வழியும்

மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ ரோடு' என்றொரு தெரு உண்டு. நுங்கம்பாக்கத்தில் 'லேக் ஏரியா' உண்டு. இரண்டு இடத்திலும் இன்று ஏரி இல்லை. மவுண்ட் ரோட்டுக்கு மேற்கே நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டை நோக்கி நீண்டு கிடந்த நீர்ப்பரப்பை வெள்ளையர்கள் 'லாங் டேங்க்' என்றார்கள். அதன் தென்பகுதிக்கு மயிலாப்பூர் ஏரி என்று பெயர். 1920இல் சென்னை நகரமைப்புச் சட்டம் வந்தது. 1923ஐ ஒட்டி, நீதிக்கட்சி ஆட்சியில், ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகரை எழுப்பினார்கள். பனகல் பூங்கா, உஸ்மான் சாலை, நாயர் சாலை என்று தலைவர்களின் பெயர்கள் ஏறின. ஏரியின் பெயர் தெருப்பலகையில் ஒதுங்கிக்கொண்டது.

இந்த நினைவுப் பேருரையை ஏரியிலிருந்து தொடங்கக் காரணம் இருக்கிறது. அரசே ஏரியைத் தூர்த்து மனை பிரித்தால் அதற்கு நகரமைப்பு என்று பெயர். ஆற்றோரத்தில் ஒரு குடும்பம் குடிசை போட்டால் ஆக்கிரமிப்பு என்று பெயர். தண்ணீருக்கு இந்த வேறுபாடு தெரியாது. வேறுபாட்டை உண்டாக்கியவை சாதியும் சொத்தும்தான்.

நீருக்கும் நமக்குமான உறவு நேற்று முளைத்ததன்று. தமிழகத்துப் பல ஊர்களில் மடை திறந்து, வயலுக்கு வயல் நீர் பங்கிட்ட நீர்க்கட்டிகள் சேரியைச் சேர்ந்தவர்கள். ஏரியின் கொள்ளளவையும் கரையின் பலவீனத்தையும் காலால் நடந்து அறிந்தவர்கள். அதே ஊரில் குடிக்கிற குளத்தில் இறங்க அவர்களுக்கு உரிமை இல்லை. அமெரிக்காவின் வாரன் கவுண்டியில் கறுப்பின மக்கள் தங்கள் ஊரில் நச்சு மண்ணைக் கொட்டுவதை எதிர்த்துச் சாலையில் படுத்தது 1982இல். அங்கிருந்துதான் சூழலியல் நீதி என்ற சொல் பரவியது என்பார்கள். 1927 மார்ச் 20 அன்று மகாத்தில் சவுதார் குளத்து நீரை அள்ளிக் குடித்த அம்பேத்கர் அந்தப் போராட்டத்தை 55 ஆண்டுகள் முன்பே தொடங்கிவிட்டார் என்று நாம் சொல்ல வேண்டும்.

மயிலாப்பூரைக் கடக்கும் பக்கிங்காம் கால்வாயைப் பாருங்கள். 1876–78 பெரும்பஞ்சத்தில் நிவாரண வேலை என்று மக்களைத் திரட்டி, கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் சுமார் 8 கிலோமீட்டர் துண்டை வெட்டினார்கள். பஞ்சத்தில் முதலில் விழுந்தவர்கள் நிலமற்ற கூலிகள். அவர்களில் ஒடுக்கப்பட்ட சாதியினர் மிகுதி. வெட்டியவர் பெயர் எங்கும் இல்லை. அன்றைய ஆளுநர் பக்கிங்காம் கோமகன் பெயர் நிலைத்தது. பிறகு அந்தக் கால்வாய்க்குள்ளேயே தூண் இறக்கிப் பறக்கும் ரயில் 1997இல் மயிலாப்பூர் வரை வந்தது. அடையாற்றின் குறுக்கே பாலம் கட்டி விமான நிலையத்தின் ஓடுபாதையை நீட்டினார்கள். இவற்றை யாரும் ஆக்கிரமிப்பு என்று எண்ணெழுதி இடித்ததில்லை.

சேரிக்குக் கிடைத்தது வேறு. 1970இல் குடிசை மாற்று வாரியம் பிறந்தது. அடுத்த ஆண்டு வந்த சட்டத்தின்படி 1,202 குடிசைப் பகுதிகள் அறிவிக்கப்பட்டன. அந்தக் காலத்தில் மக்கள் வாழ்ந்த இடத்திலேயே மாடி வீடு கட்டும் கொள்கை இருந்தது. நொச்சிக்குப்பம் அதற்குச் சாட்சி. 1985இல் 17 பகுதிகள் சேர்ந்தன. அதன்பின் பல பத்தாண்டுகள் பட்டியல் திறக்கப்படவில்லை. அறிவிக்கப்படாத பகுதிக்குச் சட்டத்தின் காவல் இல்லை. காவல் இல்லாத இடத்துக்குப் பொக்லைன் எளிதில் வரும்.

2000 முதல் கண்ணகி நகர், பின்பு செம்மஞ்சேரி, அதன்பின் பெரும்பாக்கம் என்று நகரத்தின் ஏழைகளைத் தெற்கு எல்லைக்கு ஏற்றி இறக்கினார்கள். கண்ணகி நகரில் மட்டும் 15 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். அங்கே மீனவரும் இஸ்லாமியரும் பிற எளியோரும் உண்டு; பெரும்பகுதி நம் மக்கள். ஊருக்கு வெளியே சேரி என்ற பழைய வரைபடத்தை அரசு கான்கிரீட்டில் வரைந்தது.

2015 டிசம்பர் வெள்ளத்தில் செம்பரம்பாக்கத்திலிருந்து நொடிக்கு 29,000 கன அடி திறந்ததாக அரசே சொன்னது. அது மனிதர் உண்டாக்கிய பேரிடர் என்று தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கை 2018இல் சட்டமன்றத்துக்கு வந்தது. ஆனால் தண்டனை அடையாற்றுக் கரையில் இருந்தவர்களுக்கு. வெள்ள அபாயம் என்று சொல்லி வெளியேற்றியவர்களைப் பள்ளிக்கரணைச் சதுப்பின் ஓரத்தில், மழைக்குத் தண்ணீர் சூழும் பெரும்பாக்கத்தில் குடியேற்றினார்கள். 2022இல் அந்தச் சதுப்பு ராம்சார் தலம் ஆனது. பறவைக்குக் கிடைத்த சான்றிதழில் நமக்கு வருத்தம் இல்லை. அதன் விளிம்பில் அடுக்கி வைக்கப்பட்ட மனிதருக்கு என்ன சான்றிதழ் என்பதே நம் கேள்வி.

அதே 2022 மே மாதம், ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில், பொதுத்தேர்வு நடந்துகொண்டிருந்த நாட்களில் வீடுகள் இடிக்கப்பட்டன. குடியிருந்தவர் ஒருவர் தீக்குளித்து இறந்தார். அதன்பிறகே மந்தைவெளி, மயிலாப்பூர் பகுதியிலேயே மாற்று வீடு என்று முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். அருகில் இடம் இருந்திருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க ஓர் உயிர் தேவைப்பட்டது.

நீடித்த வாழ்வு என்று இன்று பல மேடைகளில் பேசுகிறார்கள். காரில்லாமல் வேலைக்கு நடந்து போனவர்கள் யார்? மற்றவர் எறிந்ததைப் பிரித்து மறுபயனுக்கு அனுப்புகிறவர்கள் யார்? மந்தைவெளியில் வீட்டு வேலைக்கு நடந்து போன பெண்ணைச் சுமார் 20 கிலோமீட்டர் தள்ளி வைத்து, விடியலில் பேருந்துக்கு நிற்க வைத்துவிட்டு, காலியான கரையில் நடைபாதை போடுவது பசுமை ஆகாது. வெள்ளம் வடிந்ததும் குப்பை அள்ள வெளியூர்களிலிருந்தும் தூய்மைப் பணியாளர்களைத்தான் லாரியில் கொண்டுவந்தார்கள். 2013இல் கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் சட்டம் வந்தும், சாக்கடைக் குழியில் சாகிறவர்களின் சாதி மாறவில்லை.

ஆறு மீள வேண்டும் என்பதில் நாம் யாருக்கும் பின்னால் நிற்கவில்லை. சாக்கடையாகிவிட்ட அடையாற்றின் நாற்றத்தை அதிகம் சுவாசித்தவர்கள் நாமே. மீட்பின் கணக்கு பெரிய கட்டடத்திலிருந்து தொடங்கட்டும். வீடு மாற்றத் தேவையானால் மூன்று கிலோமீட்டருக்குள், படிப்பாண்டு முடிந்தபின், மக்களிடம் பேசி நடக்கட்டும். குடிசைப் பகுதிப் பட்டியலை மீண்டும் திறக்கட்டும்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை உண்டு. பெரும்பாக்கத்துக்குப் போங்கள். ஒவ்வொரு பிளாக்கிலும் எந்தத் தெருவிலிருந்து, எந்த ஆண்டில், எந்தக் காரணம் சொல்லிக் கொண்டுவந்தார்கள் என்று கேட்டு எழுதுங்கள். ஏரியின் பெயராவது தெருப்பலகையில் மிஞ்சியது. இடிக்கப்பட்ட நகர்களின் பெயர்களுக்கு அந்தப் பலகையும் இல்லை.