மரைப் பிசகு

பழைய லேத்தில் ஸ்டெப்பர் மோட்டாரும் கணினிக் கட்டுப்பாடும் பொருத்தி சிஎன்சி ஆக்கியபின், ஒரே நிரலில் வெட்டிய மரைகள் ஒன்றுபோல் அமையாத குறை வருவதுண்டு. பாபநாசம் போன்ற நெல் விளையும் ஊர்களில் பம்புசெட் தண்டுக்கும் டிராக்டர் போல்ட்டுக்கும் லேத்துப் பட்டறையே கதி. நட்டு பாதியில் இறுகினால் வயல்வேலை நின்றுபோகும்.

சாதாரண லேத்தில் தண்டைப் பிடித்துச் சுழற்றும் சக்கும் டூலை நகர்த்தும் லீட் ஸ்க்ரூவும் பல்சக்கரங்களால் பிணைந்தவை. சக் மெதுவானால் டூலும் மெதுவாகும்; மரை மாறாது. 1800-ஐ ஒட்டி லண்டனில் ஹென்றி மாட்ஸ்லே செம்மைப்படுத்திய ஏற்பாடு இது. மாற்றியமைத்த இயந்திரத்தில் அந்த இரும்புப் பிணைப்பு போய், சக்கின் சுழற்சியைக் கவனிக்கும் சென்சர் அனுப்பும் துடிப்பு மட்டுமே மிஞ்சுகிறது. சுற்றுக்கு ஒரே துடிப்பு என்றால் இடையில் வேகம் விழுவது கட்டுப்பாட்டுக்குத் தெரியாது. 1.5 மி.மீ. பிட்ச்சுக்கு (மரை இடைவெளிக்கு), நிமிடத்துக்கு 300 சுற்றில் டூல் 450 மி.மீ. நகர வேண்டும். வெட்டுச் சுமையில் சுற்று 270 ஆக இறங்கியும் டூல் அதே வேகத்தில் ஓடினால் பிட்ச் 1.67 ஆகிவிடும்.

தண்டில் மார்க்கர் மை பூசி, கீறல் மட்டும் விழும்படி இருமுறை ஓட்டுவது நல்ல சோதனை. கோடுகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து, ஆழ வெட்டும்போது மட்டும் விலகினால் பெல்ட் வழுக்கல், மின்னழுத்தக் குறைவு, மோட்டார் திணறல் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். கீறலே இரட்டையாக விழுந்தால் சென்சரின் பிடிப்பிலோ வயரில் ஏறும் மின் இரைச்சலிலோ கோளாறு. நிரலைத் திருத்தியே நாளைக் கழிப்பவர்கள் உண்டு. மோட்டாரை டூல் நகர்த்தும் பால் ஸ்க்ரூவோடு இணைக்கும் கப்ளிங்கின் சிறு திருகு தளர்ந்தாலும் கீறல் இரட்டையாகலாம்; அதை முதலில் முடுக்கிப் பார்ப்பதே மேல். வேகக் குறைவால் வரும் பிசகுக்கு நிலையான தீர்வு, சுற்றுக்குப் பல துடிப்புகள் தரும், பல துளைகள் கொண்ட என்கோடரைப் பற்கள் கொண்ட பெல்ட்டில் சக்கோடு இணைப்பது.